சிஸ்டம் வேகமாகிவிட்ட நாள்

வேடசந்தூர் சாலையில் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். இன்னொரு செருப்பு மில்லுக்குள், பஞ்சு பிரிக்கிற இயந்திரத்தின் வயிற்றில் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் காலில் இருந்ததையும் கழற்றி வேலிக்கருவைப் புதருக்குள் எறிந்தேன். ஒற்றைச் செருப்பு போட்டவனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெறுங்காலோடு போகிறவனை யாரும் பார்ப்பதில்லை.

தார் சுட்டது, ஆனால் உறைக்கவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே பேன்ட் கிழிந்திருந்தது. தோலில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். ரத்தம் காய்ந்து அதன்மேல் பஞ்சு ஒட்டியிருந்தது. புருவத்திலும் தலைமயிரிலும் பஞ்சு. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் உடம்பு தானாகத் தூக்கிப்போட்டது. ஒரு தோட்டத்தில் யாரோ டீசல் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பினார்கள். அது முதல் தடவை இருமியபோதே நான் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஓடி வந்ததில் எனக்கு வெட்கமில்லை. பயந்தவன் ஓடுவான், அவ்வளவுதான். ஆனால் நடக்க நடக்க ஒரு விஷயம் என்னோடு கூடவே வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டு. அதில் ஒடிசாக்காரன் ஒருவன் வருவான். நான் எந்தப் பெட்டிக்குள் இருந்து தப்பினேனோ அதே பெட்டிக்குள் அவன் போவான். காலையில் எனக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லப் போவதுமில்லை.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஒரு இடத்தில் ஒரு வருஷம் தங்கினால் அதிகம். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு முருங்கைக்காய்க் கட்டு ஏற்றினேன். நத்தம் பக்கம் மாந்தோப்புக்குக் காவல் இருந்தேன். பட்டினி கிடந்திருக்கிறேன். மூட்டை விழுந்து தோள் நழுவியிருக்கிறது. அதெல்லாம் வேலையோடு வருவது, வந்தால் இருந்துவிட்டுப் போகும். பயம் என்று ஒன்று ராத்திரியும் பகலும் கூடவே உட்கார்ந்திருக்கும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மில்லில் எனக்குக் கொடுத்தது அடைப்பு எடுக்கிற வேலை. பேல் என்கிற பஞ்சுக் கட்டுகளைப் பிரித்துப் போட்ட பஞ்சு முதலில் ஒரு பெரிய தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டி என்பதைவிட ஒரு சின்ன அறை என்று சொல்லலாம். அதன் தரை நகர்கிற பட்டை. எதிர்ப்பக்கம் கீழிருந்து மேலே ஏறும் இன்னொரு பட்டை, அது முழுக்க ஆணி. ஆணிகள் பஞ்சைக் கோதி மேலே தூக்கிக்கொண்டு போகும். ஈரப் பஞ்சு வந்தால் அடைத்துக்கொள்ளும். அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பக்கக் கதவைத் திறந்து, ஓர் ஆள் உள்ளே போய் ஆணிகளுக்கு நடுவே சிக்கியதைக் கையால் பிடுங்கிப் போட வேண்டும். முதல் ஷிப்டில் அந்த ஆள் நான், இரண்டாவது ஷிப்டில் ஒடிசாக்காரன். இரண்டு பேரும் ஒல்லி. எங்களை எடுத்ததற்கு வேறு தகுதி பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த மில்லில் எல்லாமே சிஸ்டத்தில் நடக்கும். பஞ்சு வாங்குவது, நூல் விற்பது, சம்பளம், லீவு, எந்த மிஷின் ஓடுகிறது, எது நிற்கிறது, எல்லாம் ஒரே சாப்ட்வேர். முதலாளி கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்ப்பார். நிற்கிற மிஷின் அவர் திரையில் சிவப்பாகத் தெரியும். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் டேப்லெட்டில் ‘வேலை ஆரம்பம்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் மிஷின் பூட்டிக்கொள்ளும். வெளியே வந்து ‘வேலை முடிந்தது’ என்பதை அழுத்தினால் பூட்டு விடுபட்டு மிஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். கதவு திறந்திருந்தால் ஓடாதபடிக்கு ஒரு சுவிட்சும் உண்டு. தூசி அடைத்து அது அடிக்கடி மக்கர் செய்ததால், எப்போதோ யாரோ ஒரு வயரைப் போட்டு அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். நான் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எதை அழுத்தினாலும் உடனே நடக்காது. திரையில் ஒரு வட்டம் சுற்றும். எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறதாம். அது வருவதற்குள் கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்து, கிளாஸைக் கழுவியும் வைத்துவிடலாம். அத்தனை நேரமும் முதலாளியின் திரையில் சிவப்பு. சூப்பர்வைசரின் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் மில்லில் ஒரு பழக்கம் வந்திருந்தது. பஸ் வந்து நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அந்தக் கதைதான். பூட்டிக்கொள்ளும்வரை காத்திருந்துதான் உள்ளே போவோம். அதில் யாரும் விளையாட மாட்டோம். ஆனால் நான் உள்ளே பாதிப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வெளியில் ‘வேலை முடிந்தது’ என்பதை அழுத்திவிடுவார். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் மீதியை எடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவேன். சாத்திய சூட்டோடு மிஷின் ஓடும்.

“துண்டு போட்டாச்சு, வெரசா வா” என்பார்.

“வந்துட்டேண்ணே” என்பேன்.

இரண்டு ஷிப்டிலும் இதே வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு அதில் ஒரு கெட்டிக்காரத்தனம்கூடத் தெரிந்தது. மெதுவாகப் போகிற சிஸ்டத்தை நாம் ஏமாற்றுகிறோம் என்று நினைத்தோம்.

சில வாரங்களாக ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருவர் மில்லுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் இருந்து ஸ்கூட்டரில் வருவார். பெரிய கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கும் இந்த மாதிரி சாப்ட்வேர்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன, எங்கே சுணங்குகின்றன, ஏன் சுணங்குகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பஞ்சு பேல் மேல் உட்கார்ந்திருப்பார். யாராவது டேப்லெட்டை அழுத்தினால் இவர் செல்போனில் நேரம் பார்ப்பார். சிஸ்டத்தில் ஏற்கெனவே பதிவானதையும் மொத்தமாக வாங்கி வைத்திருந்தார்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார். “அண்ணே, இந்த வட்டம் சுத்துறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். “சும்மா நிப்போம் மேடம்.”

“சும்மாவேவா?”

“சாமி கும்புடுவோம்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார். “சில அடைப்பு வேலையெல்லாம் ஆரம்பிச்ச சூட்டுலயே முடிஞ்சதா இருக்கே. எப்படி?”

“நம்ம ஆளுக கை வேகம் மேடம்” என்றார் சூப்பர்வைசர்.

“இம்புட்டு வேகமா?”

“திண்டுக்கல்லு மேடம். பூட்டுறதுக்கு முன்னாடியே திறந்துருவோம்.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில் வாயைத் திறக்காதே என்று இருந்தது. திறக்க எனக்கும் அவசியம் தெரியவில்லை.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது இது. ஷிப்டு மாறும் சமயத்தில் மில் முழுக்க ஒரே நேரத்தில் அழுத்துகிறது. அதே நேரத்தில் கோயம்புத்தூர் ஆபீஸ் முந்தின நாள் விவரம் பூராவையும் இழுக்கிறது. எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. அந்த நெரிசல் நாள் முழுக்கக் கலையாமல் நிற்கிறது. இதை ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருந்தபோது சாப்ட்வேர்காரர்கள் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போனார்கள். பஞ்சு பிரிக்கிற இடத்தில் இருக்கும் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள் இல்லையே.

திங்கட்கிழமை காலை ஈரப் பஞ்சு வந்தது. அடைத்தது. ‘வேலை ஆரம்பம்’ அழுத்தினார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொண்டது. இன்றைக்கு நல்ல நாள் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். முழங்காலைத் தரைப் பட்டையில் ஊன்றி, வலது காலை ஆணிப் பட்டை ஓரமாக நீட்டிக்கொண்டு பிடுங்கினேன். பாதி எடுத்திருப்பேன்.

“துண்டு போட்டாச்சு” என்று வெளியே குரல் கேட்டது.

அந்தக் குரல் முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே தரை நகர்ந்தது.

முதலில் எனக்குத் தலைசுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு மோட்டார் உறுமியது. வலது கால் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஏற்றவில்லை, ஆணிப் பட்டை ஏற்றியது. கத்தினேனா என்று நினைவில்லை. கதவு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பேன்ட் கிழிகிற சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அப்புறம் எல்லாம் நின்றது. மிஷினை அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் குமிழை சூப்பர்வைசர் அடித்திருந்தார். அடித்த கையை எடுக்காமல் அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எப்பவும் போலத்தானே போட்டேன்” என்றார். “எப்பவும் போலத்தானேய்யா போட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, “யார்ட்டயும் சொல்லாத. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா” என்றார்.

முகம் கழுவப் போனேன். குழாயைத் திறந்தேன். கழிவுப் பஞ்சு ஏற்றிய லாரிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். லாரிக்குப் பின்னாலேயே நானும் வெளியே வந்துவிட்டேன். செல்போன் கேட்டில் வாட்ச்மேனிடம் இருந்தது. வேலைக்குப் போகும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதைக் கேட்க நிற்கவில்லை.

அப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தேன்.

எதிரே ஸ்கூட்டர் ஒன்று வந்து வேகம் குறைந்தது. ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். முகத்தில் பரீட்சை பாஸானவர் சந்தோஷம் இருந்தது.

“அண்ணே, ஷிப்டு முடியலையே, எங்க போறீங்க? சிஸ்டம் இன்னைக்கு எப்படி இருக்கு? நேத்து மாத்திட்டாங்கல்ல. அழுத்துனதும் ஓடுதா?”

நான் காலைக் காட்டினேன். “அழுத்துனதும் ஓடுது மேடம்.”

அவருக்குப் புரியவில்லை. விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். துண்டு போடுகிற கதையைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. அவர் வண்டியை விட்டு இறங்கினார், ஸ்டாண்டு போடாமலே. வண்டி சாய்ந்தது. நான்தான் பிடித்தேன்.

“அந்தப் பதிவெல்லாம்...” என்று நிறுத்தினார். “ஆரம்பிச்ச சூட்டுல முடிஞ்ச வேலைங்க. அம்புட்டையும் தப்பான பதிவுன்னு நான் தனியா எடுத்து வெச்சிட்டேன். கணக்குல சேக்கவே இல்ல. அடைப்பு அம்புட்டு சீக்கிரம் எடுக்க முடியாது, மிஷின்தான் ஏதோ தப்பா எழுதியிருக்குன்னு நெனச்சேன்.”

“மிஷின் சரியாத்தான் எழுதியிருக்கு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுட்டிருந்தாரே மேடம்.”

அவர் உடனே செல்போனை எடுத்தார். மேனேஜருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். காற்றே இல்லை. தூரத்தில் எங்கோ மில் சங்கு ஊதியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம்.

“இப்ப அடுத்த அடைப்பு வந்தா?”

“இந்த ஷிப்டுல போக ஆளில்ல. நான்தான் வந்துட்டேனே. ரெண்டு மணிக்கு ஒடிசாக்காரன் வருவான்.”

“ஏறுங்க. போய் நேர்லயே சொல்லிருவோம். நீங்க காலக் காட்டுனா போதும்.”

நான் பின்சீட்டைப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கிப் போட்டால் போதும். மில் கேட்டை மனதில் நினைத்தேன்.

“நான் வரல மேடம். பயமா இருக்கு.”

“எனக்கும்தாண்ணே” என்றார். ஹெல்மெட்டைக் கையிலேயே மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார்.

அவர் போய்ச் சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆபீஸ்காரர்களை எனக்குத் தெரியும். முதலில் உட்காரச் சொல்வார்கள். பிறகு காபி சொல்வார்கள். பிறகு கோயம்புத்தூரைக் கேட்க வேண்டும் என்பார்கள். அதற்குள் இரண்டு மணி ஆகிவிடும்.

மில்லுக்குச் சாலை பிரிகிற விலக்கில் ஒரு டீக்கடை. இரண்டாவது ஷிப்டு ஆட்களை ஏற்றிவரும் மில் பஸ் அங்கே நின்று போகும். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கிளாஸை எடுத்தேன், குடிக்கத் தோன்றவில்லை. கீழே வைத்துவிட்டேன். கடைக்காரர் என் காலைப் பார்த்து, “நாய் கடிச்சுச்சா?” என்றார். ஆமாம் என்றேன். நாய் என்று சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாய் கடித்தால் ஊசி இருக்கிறது.

பஸ் வந்தது. முன்சீட்டில் இருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள்.

“ஏலே, மொத ஷிப்டு ஆளு ரோட்டுல நிக்குது பாரு. மில்லுக்கு லீவு விட்டாங்களா?”

“பஞ்சுல பொரண்டுட்டு வந்து நிக்கிறான்டி, கிறிஸ்மஸ் தாத்தா கணக்கா.”

“பரிசு ஏதும் வெச்சிருக்கியா அப்பு?”

படியில் ஏறினேன். டிரைவர், “ஏறுனா ஏறு, இல்ல வழிய விடு. செத்த நேரந்தான் நிக்கும்” என்றார். ஒடிசாக்காரன் கடைசிக்கு முந்தின சீட்டில் ஜன்னலோரம் இருந்தான். என் வயசுதான் இருக்கும், ஆனால் என்னை அண்ணா என்பான். மில்லில் கற்ற தமிழ், மில் திட்டுகளோடு சேர்த்துப் பேசுவான்.

“இன்னைக்கு உள்ள போறப்ப துண்டு போட விடாத” என்றேன்.

“ஏன் அண்ணா?”

“சிஸ்டம் வேகமாயிருச்சு. அழுத்துன ஒடனே ஓடுது.”

இதைக் கேட்டதும் பஸ்ஸுக்குள் சந்தோஷச் சத்தம் எழுந்தது. “அப்பாடா, இனிமே சிவப்பு வராது” என்றாள் ஒருத்தி. “சூப்பர்வைசர் வாய மூடுவான்” என்றாள் இன்னொருத்தி. பின்னால் யாரோ கை தட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி யாருக்கும் போய்ச் சேரவில்லை. காலைத் தூக்கி சீட் விளிம்பில் வைத்து, கிழிந்த பேன்ட்டை விலக்கினேன்.

“நான் உள்ள இருந்தேன்” என்றேன். “அப்ப ஓடுச்சு.”

கை தட்டியது நின்றது. ஒடிசாக்காரன் குனிந்து அந்தத் துளைகளை விரலால் தடவினான். ரத்தத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நாரை ஒவ்வொன்றாக எடுத்தான்.

“ஆணி?”

“ஆணி.”

“நான் போகலேன்னா காண்ட்ராக்டர் ஊருக்கு அனுப்பும்.”

“போ. துண்டு போட மட்டும் விடாத.”

“அவர் கை, அவர் டேப்லெட். நான் உள்ளே. எப்படி விடாம இருக்க?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு யோசித்தான். டிரைவர் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார்.

“டேப்லெட்ட எடுத்துட்டு நான் உள்ளே போறேன்” என்றான். “என் கூட இருந்தா யாரு அழுத்தும்?”

“குடுப்பாராக்கும் அவரு” என்றாள் முன்சீட்டுப் பெண்.

“நீ வா அண்ணா. நீ வந்து காலைக் காட்டு. நான் சொன்னா கேக்காது.”

அரை நாளில் இரண்டாவது தடவையாக என்னிடம் அதையே கேட்டார்கள். பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே தகரத் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்கால்வரை ஏறியதும் நான் கீழே இறங்கிவிட்டேன். இறங்கு என்று நான் காலுக்குச் சொல்லவில்லை. பஸ் திரும்பிப் போகும்போது அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். அவன் போயிருப்பானா, டேப்லெட்டைக் கொடுத்திருப்பாரா, அந்தப் பெண் பேசியதை யாராவது காதில் வாங்கியிருப்பார்களா. ஈரப் பஞ்சே வந்திருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காலையில் நான் பார்த்த பேல்கள் எல்லாமே ஈரம் என்பதும் எனக்கே தெரியும். கண்ணை மூடினால் தரை நகர்ந்தது.

விடிந்ததும் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒட்டன்சத்திரம் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. அங்கே எனக்குத் தெரிந்த மண்டிகள் உண்டு, மூட்டை தூக்கினால் அன்றைக்கே சோறு. பக்கத்தில் வேடசந்தூர் பஸ். வேடசந்தூர் பஸ்ஸில் ஏறினேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இன்னொரு ராத்திரி இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் மில் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மில் கேட்டில் வாட்ச்மேன் தூக்குச் சட்டியில் இருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஓடிப்போன மாப்ள வந்துட்டாருப்பா” என்றார்.

“ஒடிசாக்காரன்...” என்றேன்.

அவர் டீயை ஊற்றி முடித்தார். சட்டியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திருப்பி மூடினார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அவனா? உள்ள தர்ணா பண்றான். போய்ப் பாரு.”

கம்பியை விட்டதும் கை முழுக்கத் துரு. அந்தக் கையோடேயே உள்ளே நடந்தேன்.

பஞ்சு பிரிக்கும் மிஷின் அடைத்து நின்றுகொண்டிருந்தது. எதிரே பேல் மேல் ஒடிசாக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் இருந்தன. நான் இல்லாததால் காலை ஷிப்டுக்கும் அவனையே ஊருக்குள் இருக்கும் குவார்ட்டர்ஸில் இருந்து எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். நடந்ததை அவனே சொன்னான். நேற்று அந்தப் பெண் மேனேஜர் அறையில் மாலைவரை பேசியிருக்கிறார். முன்கூட்டி அழுத்தக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். கதவு சுவிட்சைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் இன்றைக்கோ நாளைக்கோ வருவாராம். இவன் சொன்னபடியே டேப்லெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறான். தகரப் பெட்டிக்குள் சிக்னல் இல்லை, தூசி வேறு. வெளியே வந்த பிறகும் டேப்லெட் உயிர் பெற நேரமாகிவிட்டது. கோயம்புத்தூரில் சிவப்பு. இனிமேல் டேப்லெட் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு.

“அப்ப நானும் போக மாட்டேன்னு சொன்னேன்” என்றான்.

சூப்பர்வைசர் வந்தார். நேற்றைய அதே ஆள். சவரம் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது.

“ஏய்யா, நேத்து மூஞ்சி கழுவப் போனவன் இன்னைக்குத்தான் கழுவி முடிச்சியா?”

“ஆமாண்ணே.”

“சரி, உள்ள போ.”

“போக மாட்டேண்ணே.”

ஒடிசாக்காரன் பேலை விட்டு இறங்கினான். “நான் போறேன். டேப்லெட்ட அண்ணா பிடிக்கும். நீங்க பிடிக்கக் கூடாது.”

“சூப்பர்வைசர் நானா, இவனா?”

“நீங்கதான். ஆனா டேப்லெட் அண்ணாகிட்ட.”

சூப்பர்வைசரின் போன் அடித்தது. யாரென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் அதை எடுக்காமல் பையிலேயே அடிக்க விட்டார். கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் நேத்துலருந்து கை அந்தப் பொத்தான்கிட்டப் போகலய்யா. பிடி” என்று என்னிடம் நீட்டினார். “இனிமே உன் வேலை இதுதான். மேனேஜர்ட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வாங்கிக்கொண்டேன். அதுதான் அன்று காலை எனக்குக் கிடைத்த வேலை. உள்ளே போக வேண்டாம், தூக்க வேண்டாம், பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நான் செய்த வேலைகளிலேயே இவ்வளவு லேசானது வேறில்லை.

‘வேலை ஆரம்பம்’ அழுத்தினேன். வட்டம் சுற்றவே இல்லை. டக்கென்று பூட்டு விழுந்தது. அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குத் தோள் குறுகியது. ஒடிசாக்காரன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவுக்குள் தலையை நுழைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு போனான். கடைசியாக அவன் பாதங்கள் உள்ளே போயின. பஞ்சு பிய்கிற சத்தம் கேட்டது.

திரையில் இப்போது ‘வேலை முடிந்தது’ என்ற ஒரே ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. பச்சை நிறம். என் கட்டைவிரல் அகலம். டேப்லெட்டைச் சூடான தட்டைப் பிடிப்பது போல இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொண்டு, விரல்களை எல்லாம் பின்பக்கமாக மடக்கிக்கொண்டேன். ஒரு தும்மல் வந்தால் என்ன செய்வது, ஒரு ஈ உட்கார்ந்தால், கை வழுக்கினால். எல்லாம் யோசித்தேன். வேர்த்தது. வேர்வைச் சொட்டு கண்ணாடியில் விழுந்துவிடுமோ என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன்.

உள்ளே சத்தம் நின்றது.

“அண்ணா, இருக்கியா?”

“இருக்கேன்.”

மறுபடி பிய்கிற சத்தம். சூப்பர்வைசரின் போன் அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது.

“இன்னும் எம்புட்டு நேரம் ஆகுமாம்?” என்றார் அவர்.

“தெரியலண்ணே. அவன் வந்தாத்தான்.”

அவர் பேல் மேல் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து திரும்பவும் குரல் வந்தது.

“அண்ணா?”

“இருக்கேன். நீ மெதுவா எடு.”